இடுப்புச் சுளுக்கு: படுப்பதா, நடப்பதா?

தமிழில் சுளுக்கு, மலையாளத்தில் உளுக்கு. முதல் எழுத்துதான் வேறு, வலி ஒன்றே. எங்கள் ஸ்ரீவராகத்தில் யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும், ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். "ஒரு மாசம் அசையாமப் படுங்கோ மாமா" என்பார் ஒருவர். "கர்க்கடகத்திலே உழிச்சல் பண்ணினா போயிடும்" என்பார் அடுத்தவர். கால் முன்னே வரப் பிறந்தவரை முதுகில் மிதிக்கச் சொல்லும்படி ஊரிலிருந்து ஃபோனிலும் யோசனை வரும். சுளுக்கு என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால், எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பது நமக்கே விளங்கும்.

இடுப்பில் முதுகெலும்பின் 5 கணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. அவற்றைப் பிணைத்துக் கட்டும் உறுதியான கயிறுகளே நார்கள். குனிந்தபடி பாரம் தூக்கித் திரும்பும்போது நார் அளவுக்கு மீறி இழுபட்டு, அதன் இழைகளில் சில அறுகின்றன. இதுதான் சுளுக்கு. அடிபட்ட இடத்தைக் காக்கச் சுற்றியுள்ள தசைகள் இறுகிக்கொள்வதால்தான் நிமிர முடியாமல் போகிறது. பட்டது நாரா, தசையா என்று பிரித்துச் சொல்வது டாக்டருக்கே கடினம். வைத்தியம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

நாருக்கு இரத்த ஓட்டம் குறைவு. ஆகவே மெதுவாகத்தான் ஆறும். முதல் சில நாள் வீக்கமும் வலியும். பிறகு சில வாரங்களில் புது இழைகள் உருவாகின்றன. நாம் அளவோடு அசைந்தால்தான் அவை இழுவிசைக்கு ஏற்ப வரிசையாக அமைந்து பலப்படும். அசையாமல் கிடந்தால் தசையும் தளர்ந்துவிடும்.

ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்கள் 186 பேரிடம் நடத்திய ஆய்வு 1995இல் வெளிவந்தது. 2 நாள் படுக்கையில் இருந்தவர்களைவிட, வலி அனுமதித்த அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்தவர்களே சீக்கிரம் குணமானார்கள்.

எனக்கு கேஸ் சிலிண்டரை நகர்த்தும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. முதல் இரண்டு நாள் முழங்காலுக்கடியில் தலையணை வைத்து அவ்வப்போது படுத்தேன், இடையிடையே எழுந்து கூடத்தில் நடந்தேன். வெந்நீர் ஒத்தடம் இதமாக இருந்தது. இரண்டாம் வாரம் குளத்துப் பக்கம் நடை. ஐந்தாம் வாரம் சாலை பஜாரில் காய் வாங்கித் திரும்பினேன். வெதுவெதுப்பான எண்ணெய் தடவலாம். ஆனால் புதுச் சுளுக்கை அழுத்தி உருவுவதும் மிதிப்பதும் வேண்டாம். வலி மாத்திரையை, குறிப்பாக அல்சர், இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், டாக்டரைக் கேட்காமல் வாங்கக்கூடாது.

நம் வீட்டுப் பெண்கள் கவனிக்க ஒரு விஷயம். இரவில் படுத்திருக்கும்போது கணுக்களுக்கு இடையிலுள்ள டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. எழுந்தவுடன் குனிந்தால் நாருக்கு இழுப்பு அதிகம். எனவே முதலில் காபி போட்டு, கொஞ்சம் நடமாடிவிட்டு அப்புறம் வாசலில் கோலம் போடுங்கள். குடத்தையோ அரிசி மூட்டையையோ தூக்கும்போது முழங்காலை மடக்கி, பாரத்தை உடம்போடு ஒட்டி எடுங்கள்.

உடனே ஸ்கேன் தேவையா? முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 1994இல் வெளியிட்டார்கள். பாதிப்பேருக்கு மேல் ஏதோ ஒரு டிஸ்க் பிதுங்கியிருந்தது! ஆகவே படத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஆனால் சிறுநீர் பிரியாமலோ அடங்காமலோ போனாலும், தொடையிடுக்கு மரத்தாலும், கால் பலமிழந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு வலி, காரணமின்றி எடை குறைதல், முன்பு புற்றுநோய் வந்தவர்க்கு வலி, வயதானவர் விழுந்தபின் வலி ஆகியவற்றிலும் தாமதம் கூடாது. வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினால் டாக்டர் நரம்பைப் பார்க்க வேண்டும்.

மற்றபடி, பெரும்பாலான சுளுக்குகள் சில வாரங்களில் தானே ஆறிவிடும். அந்த வாரத்தில் எந்த வைத்தியம் செய்தோமோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது, அவ்வளவுதான். வீட்டில் பெரியவருக்குச் சுளுக்கு என்றால் பாயை விரித்துப் படுக்க வைத்துவிடாதீர்கள். கையைப் பிடித்து நாலடி நடக்க வையுங்கள்.