இருவர் உழைப்பும் ஒரு பேரேடும்

கடை வைத்து வாணிகம் செய்வோரை நாம் அறிவோம். பொருளைத் தலையில் சுமந்து தெருத்தெருவாகக் கூவி விற்போரையும் அறிவோம். இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வகை வாணிகம் ஒன்று உண்டு. அதற்குக் கடையும் இல்லை, கூவுதலும் இல்லை. ஒரு வீட்டின் கூடமே அதற்குக் கடை. அவ்வீட்டுத் தலைவி அழைத்த அண்டை அயலாரே வாடிக்கையாளர். வந்தவர்கள் சிற்றுண்டி அருந்துவார்கள்; சிரித்துப் பேசுவார்கள்; பொருளைக் கையில் வாங்கிப் பார்ப்பார்கள்; விருப்பமானால் விலைக்குக் கேட்பார்கள். இதனை வீட்டு விருந்து விற்பனை எனலாம். இவ்வாணிகத்தைப் பல இடங்களில் கணவனும் மனைவியும் ஒரே நுகத்தில் பூட்டிய இரு காளைகள்போல் சேர்ந்து இழுத்து வந்திருக்கின்றனர். அது எவ்வாறு நடந்தது, அதில் நாம் கற்க வேண்டியது யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இம்முறை அமெரிக்க நாட்டில் வளர்ந்தது. 1931-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டான்லி ஹோம் புராடக்ட்ஸ் என்ற கம்பெனி தோன்றியது. வீடு துப்புரவுக்கு வேண்டிய தூரிகை முதலிய பொருள்களை அதன் விற்பனையாளர்கள் வீடு வீடாகக் கொண்டு சென்றனர். ஒவ்வொரு கதவாகத் தட்டுவதைவிட, ஒரு வீட்டில் பத்துப் பேரைக் கூட்டி ஒரே முறை விளக்குவது எளிது என்பதை அவர்கள் அநுபவத்தில் கண்டனர். அழைத்த வீட்டுக்காரிக்கு ஒரு பரிசு, விற்றவருக்குக் கமிஷன். இவ்வளவே அதன் இரகசியம்.

இம்முறையை உலகறியச் செய்தது டப்பர்வேர் என்னும் பிளாஸ்டிக் பாத்திரம். ஏர்ல் டப்பர் என்பார் பாலிஎத்திலீன் என்னும் பொருளிலிருந்து, எளிதில் உடையாத, நாற்றமற்ற கிண்ணங்களைச் செய்து 1946-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். காற்றுப் புகாதபடி இறுக மூடும் மூடியே அவற்றின் சிறப்பு. ஆயினும் கடைகளில் அவை தேங்கிக் கிடந்தன. காரணம் யாதெனில், அந்த மூடியை எவ்வாறு மூடுவது என்பதே வாங்குவோருக்கு விளங்கவில்லை. நடுவில் அழுத்தி, ஓரத்தைச் சிறிது தூக்கி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிய பிறகே அது இறுகும். கடையில் அடுக்கி வைத்த பாத்திரம் தன்னைப்பற்றித் தானே பேசுமா? பேசுவதற்கு ஆள் வேண்டுமன்றோ?

அந்த ஆள் பிரௌனி வைஸ் என்னும் பெண்மணி. கணவரைப் பிரிந்து, மகனைத் தனித்து நின்று வளர்த்தவர். முன்னரே ஸ்டான்லி கம்பெனியின் பொருள்களை விற்றுப் பழகியிருந்த அவர், இந்தக் கிண்ணங்களை வீட்டுக் கூட்டங்களில் விற்கத் தொடங்கினார். கிண்ணத்தில் நீரை நிரப்பி மூடிக் கூட்டத்தின் நடுவே தூக்கி எறிவார். ஒரு சொட்டும் சிந்தாது. கண்டவர்கள் வாங்காமல் போவார்களா? அவருடைய விற்பனையைக் கண்டு வியந்த டப்பர், 1951-ஆம் ஆண்டில் கடைகளிலிருந்து தம் சரக்கை மீட்டுக்கொண்டு, வீட்டு விருந்து ஒன்றையே விற்பனை வழியாக்கி, அதன் துணைத் தலைவராக வைஸ் அவர்களை அமர்த்தினார். 1954-இல் ‘பிசினஸ் வீக்’ என்ற வர்த்தக இதழின் அட்டையில் அவர் படம் வெளிவந்தது. அவ்விதழின் அட்டையில் இடம்பெற்ற முதற் பெண்மணி அவரே.

இனி, தம்பதிகள் இதில் எங்கே வருகின்றனர் என்று பார்ப்போம். இந்த அமைப்பு மூன்று படிகளைக் கொண்டது. வீடுகளில் விளக்கி விற்பவர் முதற்படி. அத்தகைய விற்பனையாளர் சிலரைத் திரட்டி நடத்தும் மேலாளர் இரண்டாம் படி. ஒரு வட்டாரம் முழுவதற்கும் சரக்கை வாங்கி வைத்து வழங்கும் விநியோகஸ்தர் மூன்றாம் படி. முதல் இரண்டு படிகளில் பெரும்பாலும் பெண்களே இருந்தனர். விநியோகஸ்தர் பொறுப்போ பெரும்பாலும் கணவனும் மனைவியுமாகிய இருவருக்கும் சேர்த்தே தரப்பட்டது. மனைவி திறமையால் உயர, கணவன் தான் பார்த்து வந்த வேலையை விட்டு அவளுடன் சேர்ந்துகொள்வதும் உண்டு. கிடங்கு, வண்டி, வரவு செலவு ஆகியவை பெரும்பாலும் கணவன் பங்கு. புதியவர்களைச் சேர்ப்பது, பயிற்றுவிப்பது, சோர்ந்தவர்களை ஊக்குவது ஆகியவை மனைவியின் பங்கு.

இந்தப் பகுப்பில் நன்மை உண்டு. ஒருவருக்கு வராத திறமை மற்றவருக்கு இருக்கும். ஒருவர் களைத்தபோது மற்றவர் தாங்குவார். வீட்டின் வருவாயும் செலவும் இருவர் கண்ணிலும் படும். ஆயினும் ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். விற்பனையை வளர்த்தது பெண்களின் பேச்சும் நட்பும். மேற்படிக்கு வந்தபோது ஆடவரும் உடன் வந்து அமர வேண்டியதாயிற்று. அக்காலத்து அமெரிக்காவில் மணமான பெண் தன் பெயரில் கடன் பெறுவதே அரிது. கணவனின் கையெழுத்தைக் கேட்பது வழக்கம். கடன் வழங்குவதில் இவ்வேறுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1974-இல்தான் வந்தது.

பிரௌனி வைஸ் அவர்களின் முடிவும் இதையே நினைவூட்டுகிறது. 1958-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டப்பர் அவரை வேலையிலிருந்து விலக்கினார். வைஸ் அவர்களிடம் கம்பெனியின் பங்கு ஒன்றும் இல்லை. வழக்குத் தொடர்ந்து, ஏறத்தாழ ஓர் ஆண்டுச் சம்பளம் மட்டும் பெற்று வெளியேறினார். அதே ஆண்டில் டப்பர் தம் கம்பெனியை ரெக்ஸால் என்னும் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 1 கோடியே 60 இலட்சம் டாலருக்கு விற்றார். உழைப்பு ஒருவரிடமும் உரிமை வேறொருவரிடமும் இருந்தால் விளைவது இதுவே.

இது எங்கோ தொலைவில் நடந்த கதை என்று எண்ணிவிடாதீர்கள். டப்பர்வேர் 1996-இல் இந்தியாவுக்கும் வந்தது. நம் நகரங்களின் கூடங்களிலும் அக்கிண்ணங்கள் கைமாறின. வேறு பல பொருள்களும் இவ்வழியே வந்தன. சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் தம் மனைவியுடன் என் இல்லத்துக்கு வந்தார். இருவரும் ஏதோ ஒரு கம்பெனியின் பொருள்களை வீட்டுக் கூட்டங்களில் விற்று வந்தனர். “ஐயா, மாதம் நல்ல வருவாய்” என்றார் மாணவர். அவர் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. “கணக்கைக் காட்டு, தம்பி” என்றேன். அழகாகக் கோடிட்ட பேரேடு. என் வகுப்பில் படித்த பையனன்றோ! விற்ற தொகை இருந்தது, கமிஷன் இருந்தது. அந்த அம்மையாரின் உழைப்புக்கு மட்டும் ஒரு வரியும் இல்லை. “கூட்டங்களில் பேசுவது யார்?” என்றேன். “இவள்தான், ஐயா” என்றார். முதற் பக்கத்தில் எழுதியிருந்ததோ அவர் பெயர் ஒன்றே.

அன்று மாலை நாங்கள் மூவரும் அமர்ந்து ஒரு கணக்குப் போட்டோம். நீங்களும் போட்டுப் பாருங்கள். ஒரு கூட்டத்தில் 6,000 ரூபாய்க்கு விற்பனை; கமிஷன் நான்கில் ஒரு பங்கு என்று கொள்வோம். அது 1,500 ரூபாய். கூட்டம் நடந்தது மூன்று மணி நேரம். ஆகவே மணிக்கு 500 ரூபாய் என்று தோன்றும். ஆனால் வீட்டுக்காரிக்குப் பரிசு 300; வண்டிச் செலவு 200; எஞ்சியது 1,000. அழைப்பதற்கும் ஆயத்தத்துக்கும் மனைவி மூன்று மணி, கூட்டத்தில் மூன்று மணி, பட்டியல் எழுத இரண்டு மணி, பொருளைச் சேர்ப்பித்துப் பணம் வாங்க இரண்டு மணி, ஆகப் பத்து மணி நேரம் உழைத்தார். சரக்கெடுக்க, கொண்டு சேர்க்க, கணக்கெழுதக் கணவருக்கு ஆறு மணி நேரம். மொத்தம் பதினாறு மணி. ஆயிரத்தைப் பதினாறால் வகுத்தால் மணிக்கு 62 ரூபாய் 50 காசு. அந்த அம்மையார் முதன்முறையாக வாய் திறந்து, “ஐயா, விற்காமல் அலமாரியில் கிடக்கிற சரக்கை இதில் எழுதவில்லையே” என்றார். அதையும் எழுதினோம். அதன்பின் மாணவர் வெகுநேரம் பேசவில்லை.

இன்னும் ஓர் அபாயத்தையும் சொல்ல வேண்டும். பொருளை விற்றுப் பெறும் வருவாய் வேறு. ஆளைச் சேர்த்துப் பெறும் வருவாய் வேறு. ஒவ்வொருவரும் ஆறு பேரைச் சேர்க்க வேண்டும் என்று ஒரு திட்டம் சொல்வதாகக் கொள்ளுங்கள். ஆறு, முப்பத்தாறு, இருநூற்றுப் பதினாறு என்று பெருக்கிக்கொண்டே போனால் பத்தாம் படியில் 6 கோடிக்கு மேற்பட்டவர்கள் வேண்டும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படித் தமிழ்நாட்டின் மக்கள்தொகையே ஏறத்தாழ 7 கோடியே 21 இலட்சந்தான். பதின்மூன்றாம் படியில் 1,300 கோடிக்கு மேல் வேண்டும். உலகத்தில் அத்தனை மனிதர் இல்லை! ஆதலின் கடைசியில் சேர்ந்தவர் இழப்பது உறுதி. இத்தகைய பணச் சுழற்சித் திட்டங்களை நம் நாட்டில் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 2021-இல் வந்த நேரடி விற்பனை விதிகளும் அத்தடையை வற்புறுத்துகின்றன.

இம்முறையின் தலையாய கம்பெனியும் என்றும் நிலைத்து நின்றுவிடவில்லை. 2024 செப்டம்பரில் டப்பர்வேர் நிறுவனம் அமெரிக்காவில் திவால் சட்டத்தின் பாதுகாப்பைக் கோரியது. கம்பெனிகள் வரும், போகும். எஞ்சுவது கணவனும் மனைவியுமாகிய இருவரின் உறவும், அவர்களை நம்பித் தம் கூடத்தைத் திறந்துவிட்ட அயலாரின் உறவுமே. வாங்க மனமில்லாமல், முகத்துக்காக வாங்கும் நண்பன் அடுத்த முறை தெருவின் மறுபுறத்தில் நடப்பான். அந்த இழப்பை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

மாணவ மாணவியரே! நாளை நீங்களும் இல்லறம் ஏற்பீர்கள். இருவர் சேர்ந்து தொழில் செய்வது இழிவன்று, பெருமையே. ஆனால் தொடங்குமுன் மூன்றைக் கேளுங்கள்: பொருள் தன் தகுதியால் விற்கிறதா? இருவர் உழைப்பும் மணிக்கணக்கில் எழுதப்படுகிறதா? உரிமைப் பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்கின்றனவா?

என் மாணவர் அந்த விற்பனையை விட்டுவிட்டார். இப்போது இருவரும் சிறிய எழுதுபொருள் கடை ஒன்று நடத்துகின்றனர். சென்ற ஆண்டு அங்கே ஒரு குறிப்பேடு வாங்கச் சென்றேன். இரசீதின் தலைப்பில் இரண்டு பெயர்கள் அச்சிடப்பட்டிருந்தன. முதலில் இருந்தது மனைவியின் பெயர்.