கோதுமையைத் தவிர்த்தால் உயரமும் எலும்பும் மீளுமா?

வகுப்பில் எப்போதும் முன்வரிசையில் நிற்கும் பிள்ளையைப் பற்றி, "எங்கள் குடும்பவாகே குள்ளம்" என்று பெற்றோர் கூறுவதுண்டு. பெரும்பாலும் அது உண்மையே. ஆயினும் உயரம் தேங்கி, இரத்தசோகையும் மருந்துக்கு அடங்காதிருப்பின், வயிற்றுப்போக்கு இல்லாவிடினும், சீலியாக் நோயை நாங்கள் கருத்தில் கொள்கிறோம்.

கோதுமை, பார்லி ஆகியவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் தூண்டப்பெற்று, உடலின் எதிர்ப்பாற்றல் சிறுகுடலையே தாக்குகிறது. குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. கால்சியமும் வைட்டமின் டி-யும் உடலில் சேராமல் எலும்பு அடர்த்தி குறைகிறது.

இதனை வடநாட்டு நோய் என்று ஒதுக்குதல் முழுவதும் சரியன்று. 2016-இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்றில், வடக்கே நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாகவும், வேலூர்ப் பகுதியில் ஆயிரத்தில் ஒருவருக்கும் இந்நோயைச் சுட்டும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் காணப்பட்டன. மரபணு வாய்ப்போ இரு பகுதியிலும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபட்டது கோதுமையின் அளவு: அங்கே நாளொன்றுக்குச் சுமார் 455 கிராம், இங்கே 25 கிராம். கொங்கு வீடுகளில் இன்று இரவுணவு சப்பாத்தியாகவும் பரோட்டாவாகவும் மாறிவருவதை நினைவிற்கொள்க.

குளூட்டனை முற்றிலும் நீக்கியபின் முதலில் எடை கூடும்; உயரம் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் படிப்படியாக எட்டிப்பிடிக்கும். எலும்பு அடர்த்தி பெரும்பாலான குழந்தைகளுக்கு ஓராண்டிலேயே நன்கு உயர்கிறது. பருவமடைவதற்கு முன் தொடங்கினால் பயன் மிகுதி. எலும்பின் வளர்தட்டுகள் மூடிவிட்டால் இழந்த உயரம் திரும்பாது. ஆதலால், "இப்போதுதான் நன்றாக இருக்கிறானே" என்று பதின்வயதில் பரோட்டாவுக்கு விடுமுறை அளிப்பதை நாங்கள் ஏற்பதில்லை.

நம் சமையலறை இதற்குத் துணைநிற்கிறது. அரிசிம்பருப்புச் சோறு, கம்பங்கூழ், சோளச்சோறு, ராகிக்களி எதிலும் இயல்பாகக் குளூட்டன் இல்லை. 100 கிராம் ராகியில் ஏறத்தாழ 360 மில்லிகிராம் கால்சியம் உண்டு. முளைகட்டினால் அது உடலில் சேர்வதும் எளிது. ஆனால் கோதுமை அரைத்த கையோடு மில்லில் ராகியை அரைத்தால் மாவில் கோதுமை கலந்துவிடும்; வீட்டிலேயே அரைத்தல் நன்று. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா சேர்க்கப்படுகிறது என்பதைப் பலர் அறியார். ரவை, சேமியா, பார்லி மால்ட் பானங்கள் ஆகியவையும் விலக்கத்தக்கவை.

ஐயம் தோன்றியவுடன் கோதுமையைத் தாமாகவே நிறுத்திவிட வேண்டா. நிறுத்தியபின் செய்யும் இரத்தப் பரிசோதனையும் குடல் திசு ஆய்வும் நோயில்லை என்று தவறாகக் காட்டக்கூடும். முதலில் பரிசோதனை, அதன்பின் பத்தியம்.