போர்தோ சதுக்கம்: பாரம்பரியச் சட்டம் காப்பது எதை?

பிரான்சின் போர்தோ நகரில், கரோன் ஆற்றங்கரையில் அமைந்துள்ளது 'பிளாஸ் த லா பூர்ஸ்' சதுக்கம். மன்னன் பதினைந்தாம் லூயியின் புகழுக்காக 1730 முதல் 1755 வரை உருவாக்கப்பட்ட இச்சதுக்கத்தின் மாளிகைகள் இன்று பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னங்கள். பழைய துறைமுக நகர் முழுவதும் 2007இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

பாதுகாப்பு என்பதன் சட்டப் பொருள் என்ன? வரலாற்றுச் சின்னமாக வகைப்படுத்தப்பட்ட கட்டடத்தை அரசின் ஒப்புதலின்றி இடிக்கவோ மாற்றவோ அதன் உரிமையாளருக்கும் அதிகாரமில்லை என்றது 1913ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சட்டம். 1943இல் இக்கட்டுப்பாடு, சின்னத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் அதன் பார்வையில் படும் கட்டடங்களுக்கும் விரிந்தது. கல்லும் கூரையும் சாளரமும் இவ்வாறு காப்புப் பெற்றன. அந்நகரைச் செழிக்கச் செய்த செல்வம் யாருடைய உழைப்பு என்பதைச் சொல்லும் கடமையை மட்டும் இவ்விதிகள் எவர்மீதும் சுமத்தவில்லை.

அந்த உழைப்பு அடிமைகளுடையது. போர்தோ வணிகர்களின் கப்பல்கள் ஏறத்தாழ 500 பயணங்களில் 1,20,000க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கடத்திச் சென்றன. அதனினும் பெரிய ஆதாயம், இன்றைய ஹெய்ட்டி உள்ளிட்ட தீவுகளில் அடிமைகள் விளைவித்த சர்க்கரையையும் காப்பியையும் விற்றதில் கிடைத்தது. சதுக்கத்து மாளிகைகளின் வளைவுகளில் செதுக்கப்பட்டுள்ள முகங்களுள் ஆப்பிரிக்க முகமும் உண்டு.

இந்த மௌனத்தை உடைத்தது வேறொரு சட்டம். பிரெஞ்சு கயானாவின் நாடாளுமன்ற உறுப்பினர் கிறிஸ்தியான் தொபிரா முன்னெடுத்த 2001ஆம் ஆண்டுச் சட்டம், அடிமை வணிகத்தையும் அடிமைமுறையையும் மானுடத்திற்கு எதிரான குற்றமென அறிவித்தது. பாடத்திட்டத்தில் அவ்வரலாற்றுக்கு உரிய இடம் தரவேண்டும் என்றும் பணித்தது. போர்தோவில் சமூக இயக்கங்கள் பல ஆண்டுகள் இடைவிடாது குரல் கொடுத்தன. 2009இல் அக்கித்தேன் அருங்காட்சியகம் அடிமைமுறை குறித்த நிரந்தரக் கூடங்களைத் திறந்தது. போர்தோ வணிகர்களால் விலைக்கு வாங்கப்பட்ட மொதெஸ்த் தெஸ்தா என்னும் பெண்ணின் சிலை 2019இல் ஆற்றங்கரையில் எழுந்தது. அடிமை வணிகர்களின் பெயர் தாங்கிய சில தெருக்களில் 2020இல் விளக்கப் பலகைகள் வைக்கப்பட்டன.

பெயர்களை நீக்காமல் அவற்றின் கீழ் உண்மையை எழுதுவது போதுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஒன்று தெளிவு. காக்கப்பட்ட கல் ஒரு சான்றாவணம். அதைப் படித்துக்காட்டும் பொறுப்பைப் பாரம்பரியச் சட்டம் தானாக ஏற்பதில்லை. ஒடுக்கப்பட்டோரின் வழித்தோன்றல்கள் கேட்கும்போதுதான் சான்று பேசத் தொடங்குகிறது. 'பாதுகாக்கப்பட்ட சின்னம்' என்ற பலகையை எங்குக் கண்டாலும் நாம் எழுப்பவேண்டிய வினா இதுவே: இங்கே காக்கப்படுவது யாருடைய நினைவு?