கசப்புச் சாக்லேட்டும் நம்ம கோக்கோ களமும்

வெளிநாட்டுல இருக்கிற மகன் போன தடவை வந்தப்ப ஒரு பெட்டி டார்க் சாக்லேட் கொண்டுவந்தான். "அப்பா, இது பிரஷருக்கு நல்லதுன்னு டாக்டருங்களே சொல்றாங்க"ன்னான். எனக்கு வயசு 66. தென்னைக்கு நடுவுல 300 கோக்கோ மரம் வெச்சிருக்கிறவன். நம்ம தோட்டத்துச் சரக்கே மருந்துன்னா கேட்கவா வேணும்? தினமும் அரை பார் தின்னுட்டு, மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாளாக்கிட்டேன். மூணாவது வாரம் அழுத்தம் 160/100. டாக்டர் வைத வசவை இங்கே எழுத முடியாதுங்க.

அதுக்கப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன். கடன் பத்திரத்துல பொடி எழுத்தைப் படிக்கிற வங்கிப் பழக்கம் போகலை.

விஷயம் முழுப் பொய் இல்லை. கோக்கோ விதையில் ஃபிளவனால் என்ற சத்து நிறைய இருக்கு. பச்சை விதையைக் கடிச்சா வாழைப்பூ மாதிரி ஒரு துவர்ப்பு வருமே, அது இந்த வகைச் சத்துகளால் வருவதுதான். இது இரத்தக் குழாயின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு சுரக்க உதவுகிறது. குழாய் கொஞ்சம் தளர்ந்து விரிகிறது. வயசானா குழாய் விறைச்சுப் போகும் என்பதால் நம்ம வயசுக்காரங்களுக்கு இது பொருத்தமான சத்துதான்.

ஆனா எவ்வளவு? 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017ல் வெளிவந்த காக்ரேன் அறிக்கைப்படி, அழுத்தம் சராசரியாகக் குறைஞ்சது 2 புள்ளிக்கும் கீழே. அதுவும் சில வாரங்கள் மட்டும் நடந்த ஆய்வுகள். 160ல் நிக்கிறவனுக்கு 2 எந்த மூலைக்கு?

அமெரிக்காவில் 60 தாண்டிய ஆண்கள், 65 தாண்டிய பெண்கள் என 21,442 பேரை வெச்சு 'காஸ்மாஸ்' என்று ஒரு பெரிய ஆய்வு நடத்தி 2022ல் முடிவு சொன்னாங்க. மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்த்துப் பார்த்ததில் உறுதியாகச் சொல்லும்படி குறையலை. இதயநோய்ச் சாவு மட்டும் 27 சதவீதம் குறைவாக இருந்தது. அது நம்பிக்கை தர்ற சேதி, ஆனா அது அந்த ஆய்வின் முதல் கேள்வி இல்லை. இன்னொண்ணு, அவங்க கொடுத்தது சாக்லேட்டே இல்லை. 500 மில்லிகிராம் ஃபிளவனால் உள்ள கோக்கோச் சாற்று மாத்திரை. அந்த அளவைச் சாக்லேட்டில் தேடினா சர்க்கரையும் கொழுப்பும் கூடவே வந்துரும்.

கொட்டைக்கும் சாக்லேட்டுக்கும் நடுவுல என்னதான் நடக்குது? நாம ஆறு நாள் புளிக்க வெச்சு வாழையிலை மூடிக் கிளறி விடறோமே, அப்பவே விதையின் ஊதா நிறம் பழுப்பாகும்போது ஃபிளவனாலில் ஒரு பங்கு போயிடுது. புளிக்கலைன்னா சாக்லேட் வாசமே வராது, வேற வழியில்லை. வறுக்கும்போது இன்னும் கொஞ்சம் போகும். கடைசியா கசப்பைக் குறைக்க ஆல்கலி சேர்ப்பாங்க. அதுல பெரும்பகுதி காலி. இதுல வேடிக்கை, ஆல்கலி போட்ட பவுடர்தான் கருகருன்னு இருக்கும். ஆகவே கருப்பா இருந்தா சத்துன்னு நம்பாதீங்க. வாங்கும்போது உறையில் 'ஆல்கலி' இல்லாததா, முதல் பொருள் சர்க்கரையாக இல்லாமல் கோக்கோவாக, 70 சதவீதத்துக்கு மேலே உள்ளதாப் பாருங்க. கோக்கோ வெண்ணெய்க்குப் பதிலா 'ஹைட்ரஜனேட்டட்' தாவரக் கொழுப்புன்னு இருந்தா அங்கேயே வெச்சிருங்க.

நமக்கு உறைக்க வேண்டிய சேதி ஒண்ணு இருக்கு. 2022ல் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' பத்திரிகை 28 டார்க் சாக்லேட்டைச் சோதிச்சது. தினம் 28 கிராம் தின்னா ஈயமோ காட்மியமோ அவங்க வெச்ச அளவைத் தாண்டும் என்ற நிலையில் 23 இருந்தது. இயற்கை விவசாயச் சாக்லேட்டும் அதில் அடக்கம். காட்மியம் மண்ணிலிருந்து வேர் வழியா ஏறுது. புளிப்பு மண்ணில் அதிகமா ஏறும். பாஸ்பேட் உரத்தில் அது கலந்து வரும். நாம 'இயற்கை'ன்னு அள்ளிப் போடற ராக் பாஸ்பேட்டும் விலக்கில்லை. ஈயம் பெரும்பாலும் அறுவடைக்கு அப்புறம், காயப்போடும்போது தூசியோட ஒட்டுது. மொளகாய், சோளம் மாதிரி தார் ரோட்டோரமா நானும் ரெண்டு வருசம் கோக்கோ காயவெச்சவன்தான். இப்ப தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் மூங்கில் தட்டி, மேலே நிழல்வலை. கொள்முதல் செய்யற வியாபாரி இதுக்குக் கிலோவுக்கு ஒரு ரூபாகூடச் சேர்த்துக் கொடுக்கலை. இருந்தாலும் மாத்த மாட்டேன். அந்தக் கொட்டையைத்தான் என் பேத்தியும் தின்கிறாள்.

எங்க வீட்டுல இப்ப நடைமுறை: மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு சின்ன துண்டு, 10 கிராம், 60 கலோரி. ராத்திரி கிடையாது, கோக்கோவில் தியோபுரோமினும் கொஞ்சம் காஃபினும் இருக்கு, தூக்கம் கெடும். நெஞ்செரிச்சல்காரங்க விட்டுடலாம். சிறுநீரகக் கல் வந்தவங்களுக்கு ஆக்சலேட்டும், சிறுநீரகம் பலவீனமானவங்களுக்கு பொட்டாசியமும் சிக்கல். டாக்டரைக் கேட்காம வேண்டாம். சர்க்கரைக்காரங்க அந்த 10 கிராமையும் கணக்கில் எழுதிக்கணும். சாக்லேட் பிடிக்காதவங்க கவலைப்பட வேண்டாம், இதே வகைச் சத்து தேநீரிலும் ஆப்பிள் தோலிலும் இருக்கு. மாத்திரையை மட்டும் எதுக்காகவும் நிறுத்தாதீங்க.

தோட்டத்து மண்ணுக்கோ, வாங்கின ராக் பாஸ்பேட்டுக்கோ காட்மியம் சோதனை செஞ்சவங்க நம்ம வாசகர்களில் இருந்தா, எங்கே கொடுத்தீங்க, என்ன செலவாச்சுன்னு இந்த இதழுக்கு எழுதுங்க. என் மண்ணை அடுத்த மழைக்குள்ள கொடுக்கணும்.