உங்களுக்குத் தெரியுமா? ஆளை எடைபோடுவது எப்படி?

'ஆளைப் பார்த்தாலே சொல்லிடுவேன்' என்று மார்தட்டுபவரா நீங்கள்? இதைப் படித்துவிட்டுத் தட்டுங்கள்!

● மூக்கு செய்த வம்பு: 1831-ல் 'பீகிள்' கப்பலில் இடம் கேட்டு வந்த இளைஞர் சார்லஸ் டார்வினை, கேப்டன் ஃபிட்ஸ்ராய் வேண்டாமென்று திருப்பி அனுப்பப் பார்த்தார். காரணம், டார்வினின் மூக்கு! முகவெட்டை வைத்தே குணத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்பியவர் ஃபிட்ஸ்ராய். இந்த மூக்குக்காரருக்கு நெடும்பயணத்துக்கான ஊக்கமும் உறுதியும் இருக்காது என்று கணித்தார். ஆனால் கடைசியில் இடம் கிடைத்த டார்வின், ஏறத்தாழ ஐந்தாண்டுப் பயணத்தை முடித்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார்.

● கண்சிமிட்டும் முன்பே தீர்ப்பு: புதுமுகத்தைப் பார்த்ததும் 'இவரை நம்பலாமா?' என்று மனசு முடிவுகட்ட, நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். 2006-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது இது. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க விட்டாலும் முடிவு பெரிதாக மாறவில்லை. 'நான் நினைச்சது சரிதான்' என்ற தெம்புதான் கூடியது.

● பூவா, தலையா: எதிரில் இருப்பவர் சொல்வது பொய்யா, மெய்யா? 24,000-க்கும் மேற்பட்டோர் அளித்த தீர்ப்புகளை 2006-ல் உளவியல் ஆய்வாளர்கள் சார்லஸ் பாண்ட், பெல்லா டெபாலோ இருவரும் தொகுத்துப் பார்த்தார்கள். சரியாகச் சொன்னது சராசரியாக 54 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 தேறும்! 'கண்ணைப் பார்த்துப் பேசலை, அப்போ பொய்தான்' என்ற நம்பிக்கைக்கும் உறுதியான ஆதாரம் இல்லை.

● மெஷினுக்கும் தெரியாது: பாலிகிராஃப் கருவி அளப்பது நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு, வியர்வை ஆகியவற்றைத்தான், பொய்யை அல்ல. பயந்த சுபாவமுள்ள நல்லவருக்கும் நெஞ்சு படபடக்கும். சம்மதம் இல்லாமல் யாருக்கும் இந்தச் சோதனையை நடத்தக் கூடாது என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

● கூச்சமே முதலீடு: 1849. நியூயார்க் தெரு. டிப்டாப்பாக உடுத்திய வில்லியம் தாம்சன், முன்பின் தெரியாதவரிடம் பழகியவர் போல் பேச்சுக் கொடுப்பார். நாளை வரை உங்கள் கடிகாரத்தை என்னிடம் கொடுத்துவைக்கும் அளவுக்கு என்மேல் நம்பிக்கை உண்டா என்று கேட்பார். 'இல்லை' என்று முகத்துக்கு நேராகச் சொல்ல யாருக்கு மனசு வரும்? கடிகாரம் கைமாறும், ஆள் மாயம்! ஏமாந்த ஒருவர் தெருவில் அடையாளம் கண்டுகொண்டதால்தான் பிடிபட்டார்.

● முகத்தை விட்டார், கணக்கைப் பிடித்தார்: பெர்னார்ட் மேடாஃப் நாஸ்டாக் பங்குச்சந்தையின் முன்னாள் தலைவர். பெரிய மனிதர் என்று பலரும் பணத்தைக் கொட்டினார்கள். ஹாரி மார்கோபோலோஸ் என்ற நிதி ஆய்வாளரோ லாபக் கணக்கைப் பார்த்தார். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் லாபம் மட்டும் மாறாமல் வந்துகொண்டே இருக்குமா? 2000-லிருந்தே அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்திடம் புகார் சொன்னார். 2008-ல் மேடாஃபின் மோசடிக் குட்டு உடைந்தது.

● நாலு பரீட்சை: அறம், பொருள், இன்பம், உயிர்பயம் என்று நான்கு வழியிலும் சோதித்த பிறகே ஒருவரைத் தெளிய வேண்டும் என்கிறது திருக்குறளின் 'தெரிந்து தெளிதல்' அதிகாரம். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும் இதே நான்கைத்தான் சொல்கிறது. அதில் ஒரு சுவாரஸ்யம்: அறச் சோதனையில் தேறியவருக்கு நீதிமன்றம், பொருள் சோதனையில் தேறியவருக்கு வரியும் கருவூலமும். நான்கிலும் தேறியவர் மந்திரி. நான்கிலும் கோட்டை விட்டவருக்கு? சுரங்கம், யானைக்காடு! பண விஷயத்தில் சுத்தமானவர் என்பதற்காக எல்லாவற்றிலும் அப்படியே என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதே இதில் உள்ள பாடம்.

● அண்ணாச்சி சான்றிதழ்: பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை பஜ்ஜி சொஜ்ஜியோடு காட்டும் பணிவை அப்படியே நம்பாமல், தெருமுனை மளிகைக் கடையில் விசாரிப்பது நம்மூர் வழக்கம். பாக்கியை ஒழுங்காகத் தீர்ப்பாரா, கடைப்பையனை 'வாப்பா' என்பாரா, 'டேய்' என்பாரா என்பது அண்ணாச்சிக்குத் தெரியும். தனக்கு ஆதாயம் எதுவும் இல்லாதவர்களிடம் மாப்பிள்ளை எப்படி நடந்துகொள்கிறார் என்பது அங்கேதான் வெளியே வரும்.

● நம்புகிறவர் ஏமாளி அல்ல: ஜப்பானிய சமூக உளவியலாளர் தொஷியோ யமகிஷியின் ஆய்வுகளில் ஓர் ஆச்சரியம். மனிதர்களைப் பொதுவாக நம்புகிறவர்களே, ஒருவர் சரியில்லை என்பதற்கான அறிகுறி தெரிந்தால் சட்டென்று உஷாரானார்கள். எல்லோரையும் சந்தேகப்படுகிறவர் யாருடனும் பழகுவதில்லை. ஆளை அறியும் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வரும் என்பது யமகிஷியின் விளக்கம்.

● இரண்டுமே தப்பு: ஆராயாமல் நம்புவதும், நம்பிய பிறகு சந்தேகப்படுவதும் தீராத துன்பம் தரும் என்று 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தை முடிக்கிறார் வள்ளுவர். ஆகவே கடன் கொடுக்கும் முன், கூட்டு சேரும் முன், சம்பந்தம் பேசும் முன் எவ்வளவு வேண்டுமானாலும் விசாரியுங்கள். கை கொடுத்த பிறகு, தினமும் துருவாதீர்கள்!