ஒலிபெருக்கி மேடையில் எதிர்முழக்கக் கருவி: இணைக்கும் முறையும் அளவும்

கர்நாடக மாநிலத்தில், முன்னர் பீஜப்பூர் எனப்பட்ட விஜயபுர நகரில், பதினேழாம் நூற்றாண்டில் முகம்மது அடில் ஷாவுக்காக எழுப்பப்பட்ட கோல் கும்பஸ் என்னும் சமாதி மண்டபம் உள்ளது. அதன் குவிமாடத்தின் உட்புறம் சுற்றிச் செல்லும் மாடத்தில் நின்று ஒரு முறை கைதட்டினால், அவ்வோசை பன்முறை திரும்பி வந்து காதில் விழும். காண வருவோர் இதைக் கேட்டு வியக்கின்றனர். ஆயின் அதே மண்டபத்தில் ஒரு சுகாதார ஊழியர் நின்று, மாத்திரை உட்கொள்ளும் வேளையை மக்களுக்கு எடுத்துரைப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் சொல்வது ‘காலை’யா, ‘மாலை’யா என்பது எதிரே இருப்போருக்கு விளங்குமா?

இவ்விரு சொற்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு முதல் மெய்யொலி ஒன்றே. மெய்யொலிகள் குறுகியவை, வலிமை குன்றியவை. உயிரொலிகளோ நீண்டவை, வலிமை மிக்கவை. முன் சொல்லின் உயிரொலி அறையில் முழங்கிக்கொண்டே இருக்குமானால், பின்வரும் சொல்லின் மெய்யொலி அதனடியில் மறைந்துவிடும். கேட்போர் குரலைக் கேட்பர், சொல்லைக் கேளார். மேடைக் கருவிகளைக் கையாளும் கள ஊழியரும் ஆசிரியரும் முதலில் மனத்திற் கொள்ள வேண்டிய உண்மை இதுவே.

கோல் கும்பஸில் கல்லும் சுண்ணமும் செய்யும் வேலையை இன்று கையடக்கமான ஒரு மின்கருவி செய்கிறது. கடைகளில் இது ‘எபெக்ட்ஸ் பிராசஸர்’ என்று விற்கப்படுகிறது. மேடை அமைப்போர் ‘எக்கோ’ என்றே சொல்வர். இக்கட்டுரையில் அதனை எதிர்முழக்கக் கருவி என்போம். பள்ளிகளிலும் ஊராட்சி மன்றங்களிலும் உள்ள சிறிய மிக்ஸர்கள் பலவற்றில் இக்கருவி உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கிறது. அதை எங்கே இணைப்பது, எவ்வளவு திறப்பது, எப்போது மூடுவது என்பதை அறிந்தாலன்றி அதனால் நன்மையினும் தீமையே மிகும்.

அறையே ஒரு கருவி

எதிரொலியும் எதிர்முழக்கமும் ஒன்றல்ல. தொலைவிலுள்ள ஒரு சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, மூல ஒலிக்குப் பின் ஏறத்தாழப் பத்தில் ஒரு வினாடி கழித்து வந்தால், காது அதனைத் தனி ஒலியாக உணரும். இஃது எதிரொலி. சுவர், கூரை, தரை ஆகிய எல்லாவற்றிலும் பட்டு, எண்ணிறந்த பிரதிபலிப்புகள் ஒன்றோடொன்று நெருங்கி வந்து, பிரித்தறிய இயலாதபடி தேய்ந்து மறைவது எதிர்முழக்கம்.

இதை முதன்முதலில் முறையாக அளந்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாலஸ் கிளெமண்ட் சபீன். 1895இல் அங்குப் புதிதாகக் கட்டப்பட்ட விரிவுரை மண்டபம் ஒன்றில் ஆசிரியர் பேசுவது எவருக்கும் விளங்கவில்லை. ஒருமுறை சொன்ன சொல் ஐந்து வினாடிக்கு மேலும் முழங்கிக்கொண்டிருந்தது. சபீன் ஓர் இசைக்குழலையும் கடிகாரத்தையும் கொண்டு, மெத்தைகளை மண்டபத்தில் இட்டும் எடுத்தும், ஒலி தேயும் நேரத்தை இரவுதோறும் அளந்தார். அவர் கண்ட விதி எளியது. அறையின் கன அளவைக் கன மீட்டரில் எடுத்து 0.16ஆல் பெருக்கி, அறையின் மொத்த ஒலி உறிஞ்சலால் வகுத்தால், எதிர்முழக்க நேரம் வினாடிகளில் கிடைக்கும். ஒரு சதுர மீட்டர் திறந்த ஜன்னல், தன்மீது படும் ஒலி முழுவதையும் வெளியே விட்டுவிடுவதால், அதுவே உறிஞ்சலின் அலகாகும். ஒலியின் செறிவு பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைவதற்கு ஆகும் காலமே எதிர்முழக்க நேரம்.

நம் பள்ளிக்கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளம் 15 மீட்டர், அகலம் 8 மீட்டர், உயரம் 4 மீட்டர். கன அளவு 480 கன மீட்டர். சிமெண்டுத் தரை, பூசிய சுவர், சில திறந்த ஜன்னல்கள் ஆகியவற்றின் உறிஞ்சல் சுமார் 20 அலகு என்று கொண்டால், எதிர்முழக்க நேரம் ஏறத்தாழ 3.8 வினாடி. அதே கூடத்தில் நூறு பேர் வந்து அமர்கின்றனர். ஒருவர் ஏறத்தாழ 0.45 அலகு உறிஞ்சுவதாகக் கொண்டால், நேரம் 1.2 வினாடியாகக் குறைகிறது. ஆகவே வெறுங்கூடத்தில் செய்த சோதனையை மட்டும் நம்பி, கூட்டம் நிறைந்த வேளைக்கும் அதுவே பொருந்தும் என்று கருதலாகாது. ஒரு வினாடிக்கும் மேலாகத் தானே முழங்கும் கூடத்தில், பேச்சுக்கெனச் செயற்கை முழக்கம் சேர்க்க வேண்டுவதேயில்லை என்பதும் இக்கணக்கினின்று தெளிவாகும்.

கருவி பிறந்த கதை

அவ்வாறாயின் இக்கருவி எதற்கு? திறந்த வெளியிலும், துணி தொங்கவிடப்பட்ட ஒலிப்பதிவு அறையிலும் பாட்டு வறண்டு ஒலிக்கும். அவ்வறட்சியைப் போக்கவே இது தோன்றிற்று. 1947இல் சிகாகோவில் பில் புட்னம் என்னும் ஒலிப்பதிவாளர், குளியலறை ஒன்றில் ஒலிபெருக்கியையும் ஒலிவாங்கியையும் வைத்து, அவ்வறையின் முழக்கத்தை இசைத்தட்டில் சேர்த்தார். 1957இல் ஜெர்மனியின் ஈ.எம்.டி. நிறுவனம், இழுத்துக் கட்டிய பெரிய எஃகுத் தகட்டை அதிரச் செய்து முழக்கம் உண்டாக்கும் கருவியை வெளியிட்டது. 1960களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தின் மன்ஃபிரட் ஷ்ரோடர், கணிப்பொறியில் எண்களைக் கொண்டே எதிர்முழக்கத்தைப் போலச் செய்யும் வழியைக் காட்டினார். 1976இல் அதே ஈ.எம்.டி. நிறுவனம் எண்முறைக் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அன்று பெரும் செலவில் நடைபெற்ற அவ்வேலையை இன்று நகமளவே உள்ள ஒரு சில்லு செய்து முடிக்கிறது.

இணைக்கும் இரு வழிகள்

ஆற்று நீரை வயலுக்குக் கொண்டு செல்லும் பிரதான வாய்க்காலை நினைவிற் கொள்க. அதன் நடுவே ஒரு மதகைக் கட்டினால் நீர் முழுவதும் அம்மதகின் வழியே செல்ல வேண்டும். அவ்வாறின்றி, ஒரு கிளை வாய்க்கால் வெட்டிச் சிறிது நீரைத் திருப்பி, மீண்டும் பிரதான வாய்க்காலில் சேர்ப்பதும் உண்டு. எதிர்முழக்கக் கருவியையும் இவ்வாறே இரு வகையாக இணைக்கலாம்.

ஒலிவாங்கிக்கும் பெருக்கிக்கும் நடுவே வைத்தால், குரல் முழுவதும் கருவிக்குள் நுழைந்து வெளிவரும். கருவி பழுதுற்றாலோ, அதன் மின்சாரம் நின்றாலோ, குரலும் நின்றுபோகும். கிளை வாய்க்கால் முறையில், பேச்சு தன் வழியே நேராகப் பெருக்கிக்குச் செல்கிறது. அதன் ஒரு பங்கு மட்டும் கருவிக்குச் சென்று, முழக்கமாகத் திரும்பி வந்து சேருகிறது. கருவி நின்றாலும் பேச்சு நிற்பதில்லை. எனவே எதிர்முழக்கத்திற்கு இரண்டாவது முறையே ஏற்றது.

படிப்படியான முறை

முதலாவதாக, பெருக்கியை அணைத்துவிட்டு, எல்லாத் திருகுகளையும் தாழ்த்துக. இணைப்புகளை முடித்தபின் முதலில் கருவியையும் மிக்ஸரையும், இறுதியில் பெருக்கியையும் போடுக. அணைக்கும்போது பெருக்கியே முதலில் அணைக்கப்பட வேண்டும். இம்முறை தவறினால் ஒலிபெருக்கியில் வெடிச் சத்தம் எழும். அதன் சுருளும் கருகக்கூடும்.

இரண்டாவதாக, மிக்ஸரில் ‘ஆக்ஸ் செண்ட்’ அல்லது ‘எபெக்ட்ஸ் செண்ட்’ எனக் குறித்த வாயிலிருந்து கருவியின் உள்வாயிக்கு ஒரு கேபிள் இடுக. ஒவ்வொரு ஒலிவாங்கியின் வரிசையிலும் உள்ள செண்ட் திருகே அக்குரலின் எவ்வளவு பங்கு கிளையில் செல்லும் என்பதை முடிவு செய்வது. அது ஃபேடருக்குப் பின் அமைந்த செண்டாக இருத்தல் நன்று. அப்போதுதான் குரலைத் தாழ்த்தினால் முழக்கமும் உடன் தாழும்.

மூன்றாவதாக, கருவியின் வெளிவாயிலிருந்து மிக்ஸரின் ரிட்டர்ன் வாய்க்கு மற்றொரு கேபிள் இடுக. கருவிக்கு இடம், வலம் என இரு வெளிவாய்கள் இருந்து, மிக்ஸரில் ஒன்றே வேண்டுமாயின், ‘மோனோ’ எனக் குறித்ததைக் கொள்க. ரிட்டர்ன் வாய் இல்லாவிடில், காலியாக உள்ள ஒரு வரிசையின் லைன் வாயில் செருகலாம். அவ்வாறு செய்யும்போது அவ்வரிசையின் செண்ட் திருகு கட்டாயம் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். இன்றேல் முழக்கம் மீண்டும் கருவிக்கே சென்று வட்டமிட்டு ஊளையிடும்.

நான்காவதாக, கருவியிலுள்ள ‘மிக்ஸ்’ திருகை முழுவதும் முழக்கத்தின் பக்கம் திருப்பிவிடுக. நேர்க்குரல்தான் வேறு வழியில் சென்றுகொண்டிருக்கிறதே. அதன் நகலைக் கருவி மீண்டும் அனுப்ப வேண்டுவதில்லை.

ஐந்தாவதாக, அளவைப் பொருத்துக. ஒலிவாங்கி தருவது சில மில்லி வோல்ட்டே. மிக்ஸர், கருவி ஆகியவற்றின் லைன் அளவு அதனினும் பன்மடங்கு பெரிது. தொழில்முறைக் கருவிகளில் அது 1.23 வோல்ட்; வீட்டு உபயோகக் கருவிகளில் 0.316 வோல்ட். இவ்விரண்டிற்கும் ஏறத்தாழ 12 டெசிபல் வேறுபாடு உண்டு. கருவியின் பின்புறம் அளவு மாற்றும் விசை இருந்தால், மிக்ஸருக்கு ஏற்றதை வைக்க. பேச்சாளர் உரத்துப் பேசும்போது பச்சை விளக்கு எரிந்து, சிவப்பு விளக்கு எரியாத அளவே சரியானது. சிவப்பு எரிந்தால் ஒலி கரகரக்கும். மிகவும் தாழ்ந்தால் இரைச்சல் மேலோங்கும்.

பெருக்கியிலிருந்து ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பியை ஒருக்காலும் இக்கருவியில் இணைக்கலாகாது. ஊர்ப்புற மேடைகளில் புழங்கும் 100 வோல்ட் லைன் கருவியை எரித்துவிடுவதோடு, தொடுபவருக்கும் அபாயம் விளைக்கும். அதுபோலவே 48 வோல்ட் விசை போடப்பட்ட ஒலிவாங்கி வாயில் கருவியின் வெளிவாயைச் செருகலாகாது.

தூரத்து ஒலிபெருக்கிக்குத் தாமதம்

இவ்வகைக் கருவிகள் பலவற்றில் ‘டிலே’ என்னும் தாமத அமைப்பும் உண்டு. பேச்சுக்கு மெய்யான உதவி செய்வது இதுவே. மைதானக் கூட்டங்களில் மேடையருகே ஓர் ஒலிபெருக்கியும், 35 மீட்டர் தள்ளி இன்னொன்றும் வைப்பது வழக்கம். மின்சாரம் இரண்டையும் ஒரே கணத்தில் அடைகிறது. காற்றில் செல்லும் ஒலியோ, 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வினாடிக்குச் சுமார் 350 மீட்டரே செல்லும். ஆகவே பின்வரிசையினர் அருகிலுள்ள ஒலிபெருக்கியின் சொல்லைக் கேட்டு 100 மில்லி வினாடி கழித்து, மேடைப் பக்கத்திலிருந்து அதே சொல்லை மறுபடியும் கேட்கின்றனர். சொல் சொல்லோடு மோதுகிறது.

மாற்று வழி எளிது. மிக்ஸருக்கும், பின்புற ஒலிபெருக்கியை இயக்கும் தனிப் பெருக்கிக்கும் நடுவே தாமதக் கருவியை வைக்க. இங்கு மதகு முறையே வேண்டும். குரல் முழுவதும் தாமதித்தே செல்ல வேண்டுமன்றோ? மிக்ஸ் திருகு முழுவதும் தாமத ஒலியின் பக்கமும், ‘பீட்பேக்’ அல்லது ‘ரிபீட்’ திருகு பூஜ்யத்திலும் இருக்கட்டும். மீட்டருக்கு ஏறத்தாழ 3 மில்லி வினாடி என்று கணக்கிட்டு, அதனோடு 10 முதல் 15 மில்லி வினாடி கூட்டுக. முதலில் வந்த ஒலியின் திசையையே காது மூலமாகக் கொள்ளும் என்பதையும், 30 மில்லி வினாடிக்குள் தொடர்ந்து வரும் ஒலி 10 டெசிபல் வரை உரத்திருப்பினும் தனி எதிரொலியாகத் தோன்றாது என்பதையும் ஹெல்முட் ஹாஸ் என்னும் ஜெர்மானியர் 1949இல் தம் ஆய்வில் காட்டினார். இவ்வாறு அமைத்தால், பின்வரிசையினருக்குக் குரல் மேடையிலிருந்தே தெளிவாக வருவதாகத் தோன்றும்.

ஊளையும் உறுமலும்

ஒலிபெருக்கியின் ஒலி மீண்டும் ஒலிவாங்கியில் புகுந்து, பெருகிப் பெருகி வளர்வதே ஊளை. எதிர்முழக்கம் சேர்த்தால் ஒலி நெடுநேரம் நிலைப்பதால் ஊளை விரைவில் எழும். ஊளை எழுந்தவுடன் முதலில் ரிட்டர்ன் திருகைத் தாழ்த்துக. பின்னர் ஒலிபெருக்கிகளை ஒலிவாங்கிக்கு முன்னே நகர்த்தி, பேச்சாளரை ஒலிவாங்கிக்கு அருகில் நிற்கச் செய்க.

தாழ்ந்த குரலில் இடைவிடாது கேட்கும் உறுமல் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்திலிருந்து வருவது. மூன்று முனை கொண்ட சமநிலைக் கேபிளில் முதல் முனை எர்த். மற்ற இரண்டும் குரலை எதிரெதிராக ஏந்திச் செல்வன. வழியில் இரண்டிலும் ஒரேயளவாகப் புகும் இரைச்சல் மறுமுனையில் தள்ளுபடியாகிவிடும். ஆகவே நெடுந்தொலைவிற்கு இத்தகைய கேபிளையே உபயோகிக்க. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் எடுத்தாலும் உறுமல் குறையும். உறுமலைப் போக்குவதற்கென்று பிளக்கின் எர்த் முனையை ஒடிப்பவர் உண்டு. ஈரத் தரையில் நின்று உலோக ஒலிவாங்கியைப் பற்றும் பேச்சாளரின் உயிருக்கு அந்த முனையே காவல். அதில் கை வைக்கலாகாது.

அளவை அறியும் சோதனை

இணைப்பு முடிந்ததும், கருவியின் அருகில் நின்று கேட்டு நிறைவடைதல் போதாது. மாணவர் ஐவரைக் கடைசி வரிசையில் தாளும் எழுதுகோலும் கொடுத்து அமர்த்துக. காலை, மாலை, சாலை, பாலை, வேலை, சேலை போன்ற சொற்களை முன்பின்னாக மாற்றி, இருபது சொற்களை ஒலிவாங்கியில் வாசிக்க. முழக்கத்தை மூடி ஒரு முறையும், திறந்து ஒரு முறையும் எழுதச் செய்து, சரியானவற்றை எண்ணுக. இரண்டாம் எண் முதல் எண்ணினும் குறையுமாயின், பேச்சு வேளையில் கருவியை மூடுவதே முறை. இறைவணக்கப் பாடலுக்கு இனிமை வேண்டின், பாடுவோரின் செண்டை மட்டும் சிறிது திறந்து, பாட்டு முடிந்தவுடன் மூடிவிடலாம். வகுப்பில் ஒலியியல் கற்பிக்கும் ஆசிரியருக்கு இதுவே நல்லதொரு செய்முறைப் பாடமுமாகும்.

வெள்ள எச்சரிக்கையாயினும், தடுப்பூசி நாளாயினும், தேர்வு அறிவிப்பாயினும், கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் முதியவர் ‘காலை’ என்று சொன்னதைக் ‘காலை’ என்றே கேட்டுச் செல்ல வேண்டும். அதற்கு வேண்டிய அளவே அக்கருவிக்கு உரிய அளவு.