வாய்ச்சொல் போதாது, கடதாசி வேண்டும்

"அக்கா, உங்களுக்கும் ஐம்பது முடிஞ்சுது. சேமலாப நிதிக் காசை எடுத்துக்கொண்டு இனி வீட்டில இருங்கோ." யாழ்ப்பாணத்தில் இப்படி ஒரு வார்த்தையோடு பெண்ணொருத்தியின் வேலை முடிந்துவிடுவதுண்டு. அவளும் அதுதான் சட்டம் என்று நம்பி வீடு திரும்பிவிடுகிறாள்.

பெண்கள் 50 வயதில் ஊழியர் சேமலாப நிதியைப் பெறலாம் என்பது உண்மையே. ஆனால் அது வேலையை விடவேண்டிய வயதல்ல. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் தனியார் நிறுவனங்களில் ஆண், பெண் இருபாலாருக்கும் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 ஆகும். சட்டம் வந்தபோது 52 வயதை எட்டியிருந்தவர்களுக்கு மாத்திரம் இது சற்றுக் குறையும்.

மாற்றுவலுவுள்ள பெண்களுக்கும் பாதுகாப்பு உண்டு. போரில் காலை இழந்த பெண்ணிடம், "உங்களுக்கு மாடி ஏற ஏலாது" என்று கூறி, கீழ்மாடியில் செய்யக்கூடிய வேலையைக்கூட மறுத்தால், 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அவள் மாகாண மேல் நீதிமன்றத்தை நாடலாம். இச்சட்டம் வேலைக்குச் சேர்க்கும்போது காட்டப்படும் பாகுபாட்டையே தடுக்கிறது. வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட தனியார்துறை ஊழியர் செல்லவேண்டிய இடம் தொழில் நியாயசபை.

சட்டம் இருந்தும் ஏன் தோற்கிறோம்? வயதுக்காகவோ ஊனத்துக்காகவோ நிறுத்தினேன் என்று எந்த முதலாளியும் எழுதித் தரமாட்டார். "அவ தானாகத்தான் நிண்டவ" என்றே சொல்வார். வேலைநிறுத்தத்தை முதலாளி ஒப்புக்கொண்டால், அதற்கான நியாயத்தை அவரே காட்டவேண்டும். மறுத்தாலோ, தான் நிறுத்தப்பட்டதை முதலில் பெண்தான் நிரூபிக்கவேண்டும்.

ஆகவே சகோதரிகளே, நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, சேமலாப நிதிக் கணக்குக் கூற்று ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். வெற்றுத்தாளிலோ இராஜினாமாக் கடிதத்திலோ கட்டாயத்துக்குக் கையொப்பமிடாதீர்கள். வராதே என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால், "இன்ன திகதியில் இவ்வாறு கூறி என்னை நிறுத்தினீர்கள், நான் வேலை செய்ய ஆயத்தமாக இருக்கிறேன்" என்று பதிவுத் தபாலில் எழுதிப் பிரதியை வைத்திருங்கள். உங்கள் இடத்துக்கு இளையவர் ஒருவர் எடுக்கப்பட்டால் அதையும் திகதியோடு குறித்துவையுங்கள். வேலை தேடுவோர் விளம்பரத்தையும் விண்ணப்பப் பிரதியையும் எறிந்துவிடக்கூடாது.

நியாயசபைக்கு ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். சட்டத்தரணிக்குப் பணமில்லையே என்று தயங்கவேண்டாம். நீங்களே பேசலாம், தொழிற்சங்கப் பிரதிநிதியும் பேசலாம்.

கண்ணீரைக் கண்டு அயலவர் இரங்குவர். நியாயசபை கேட்பது சான்றையே. அதைச் சேர்க்கும் வேலையை இன்றே தொடங்குவோம்.